கட்டாமல் விட்ட கைகள்

"கையைக் கட்ட வேண்டி வரலாம்மா. சம்மதமா?" என்று டாக்டர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. "கட்டுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது என் கணவருடைய கைகளை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பட்டு நெய்துகொண்டிருக்கிற கைகள். எத்தனை கோபம் வந்தாலும் யார் மேலும் ஓங்காத கைகள். என்னுடைய கைகளைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, அது வேறு கதை.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. தறியில் ஒரு முகூர்த்தப் புடவை முக்கால்வாசி முடிந்திருந்தது. "முடிச்சுட்டு டாக்டராண்ட போறேன்" என்று இருமிக்கொண்டே நெய்தார் இவர். நான் கத்திப் பார்த்தேன். இவருக்கு என் கத்தலும் தறிச் சத்தத்தில் ஒரு பகுதி, காதில் ஏறாது. கடைசியில் உதடு நீலம் பாரித்து, மூச்சு வாங்க முடியாமல் சாய்ந்தபோது இவருடைய அண்ணன் ஓடிவந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றார்கள். அன்றைக்கே தொண்டைக்குள் குழாய் இறக்கி மூச்சு மிஷினோடு இணைத்துவிட்டார்கள். குழாயைத் தாங்கிக்கொள்ள வேண்டுமே என்று தூக்க மருந்தும் ஓடிக்கொண்டிருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் விடுவார்கள். மீதி நேரமெல்லாம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் நாள் உள்ளே போனபோது இவருடைய கட்டில் பக்கத்தில் நீல உடுப்பில் ஒரு சிஸ்டர் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கலாம், ஒல்லி, கண்ணைச் சுற்றித் தூக்கக் கலக்கம். இவர் காதருகே குனிந்து, "சார், உங்கள இடது பக்கம் திருப்பப் போறோம். கொஞ்சம் சிரமமா இருக்கும். பொறுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன், பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசுகிறாரோ என்று. இல்லை. கண் மூடி, வாயில் குழாயோடு மரக்கட்டை மாதிரி கிடந்த இவரிடம்தான்.

"அவருக்குத்தான் ஒண்ணும் கேக்காதே சிஸ்டர்" என்றேன்.

"கேக்குதா கேக்கலையான்னு நமக்குத் தெரியாதுக்கா. அதனால சொல்லிட்டுத்தான் செய்வோம்" என்றார். அப்புறம் இன்னொருவரும் அவருமாக, தலையை ஒரு கையால் தாங்கி, குழாய் அசையாமல், இவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். முதுகைத் தடவிப் பார்த்தார். இடுப்பு எலும்பு, குதிகால் எல்லாவற்றையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று கேட்டேன். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் தோல் சிவக்கும், சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் புண்ணாகும், புண் ஆழமாகப் போனால் நிமோனியாவைவிடப் பெரிய தொல்லை என்றார். வாயைத் திறந்து பல், நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் துடைத்தார். இவரைப் பெற்ற தாய்கூட அப்படித் துடைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

நர்ஸ் என்றால் எனக்கு அதுவரை ஊசி போடுகிறவர், அவ்வளவுதான். எங்கள் தெருவில் வெள்ளை உடுப்புப் போட்ட எல்லாருமே நர்ஸம்மா. ஊசி போடுகிறவரும் நர்ஸம்மா, படுக்கை விரிக்கிறவரும் நர்ஸம்மா, மருந்துக் கடையில் நிற்கும் பெண்ணும் நர்ஸம்மா. டாக்டர் வந்தால் பின்னால் நிற்பார்கள், டாக்டர் போனதும் நம்மை அதட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். என் மகள் பிறந்தபோது என்னை அதட்டிய ஒருவரை இன்றைக்கும் மறக்கவில்லை. அதனால் இந்த சிஸ்டரும் எப்போது அதட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் அதட்டவில்லை. கேள்விதான் கேட்டார். இவர் எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவார்? பல் கட்டியிருக்கிறாரா? சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுவாரா, இல்லை போடாமலே போட்டுட்டேன் என்பாரா? "உங்களுக்கு எப்படி சிஸ்டர் தெரியும்?" என்று கேட்டேன். "எல்லா வீட்டுலயும் அப்படித்தான்க்கா" என்று சிரித்தார்.

அவருடைய ஊர் மாகறல் பக்கம். விவசாயக் குடும்பம். கல்யாணமாகிச் செவிலிமேட்டில் குடியிருக்கிறார், டவுன் பஸ்ஸில் வந்து போகிறார். அவருடைய அம்மாவும் நர்ஸாக இருந்தவராம். அம்மா காலத்தில் கண்ணாடி ஊசிகளைக் கொதிக்கவைத்து, முனை மழுங்கினால் தீட்டி, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்களாம். தலையில் விறைப்பாகக் கஞ்சி போட்ட ஒரு தொப்பி. டாக்டர் உள்ளே வந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். "எங்க அம்மா இப்பகூட டிவியில டாக்டர் வந்தா நிமிர்ந்து ஒக்காருவாங்கக்கா" என்றார். மகள் நாலு வருஷம் கல்லூரியில் நர்சிங் பட்டம் படித்து, மூச்சு மிஷின் நோயாளிகளைப் பார்ப்பதற்கென்று தனியாகவும் பயிற்சி எடுத்தவர். ஒரே வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு தொழில் இத்தனை தூரம் நடந்திருக்கிறது. நான் தறிக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான் இதெல்லாம் நடந்திருக்கிறது என்று நினைத்தபோது மலைப்பாக இருந்தது.

காய்ச்சல் இறங்கியது. நுரையீரல் தெளிந்து வருகிறது, தூக்க மருந்தைக் குறைத்து இவரை எழுப்பலாம், தானாக மூச்சுவிடப் பழகியதும் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். நான் சந்தோஷத்தில் இவருடைய அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் தெருவுக்கே சொல்லி, யாரோ கேசரியே கிளறிவிட்டார்கள். ஆனால் பிரச்சினை இவர் கண் விழித்த பிறகுதான் ஆரம்பித்தது.

கண் திறந்திருந்தது. ஆனால் இவர் அந்தக் கண்ணுக்குள் இல்லை. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்ப்பது போல. மேலே கூரையில் எதையோ தேடினார். கைகள் ஓயவே இல்லை. போர்வையைப் பிடித்து இழுத்தன, காற்றில் எதையோ பிடித்தன. மூக்கு வழியாகக் கஞ்சி போகிற குழாயை ஒரு இழுப்பில் உருவிப் போட்டுவிட்டார். அடுத்தது மூச்சுக் குழாய்தான். அதைப் பிடுங்கிவிட்டால் திரும்பப் போடுவதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்றார் டாக்டர். மறுபடியும் முழுசாகத் தூங்கவைத்தாலோ, மிஷினில் இருக்கும் நாள் நீளும், நீள நீள ஆபத்து. அதனால்தான் கையைக் கட்டுவது பற்றிக் கேட்டார். அதனால்தான் நானும் சரி என்றேன்.

வெளியே நாற்காலிகளில் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். "புத்தி பேதலிச்சுப் போச்சும்மா, வேற என்ன?" என்றாள் பார்க்க வந்த நாத்தனார். இவருடைய அண்ணன் மாகறல் சாமிக்கு வேண்டிக்கொண்டு ஒரு பொட்டலம் விபூதி வாங்கிவந்தார். நான் கேட்க பயந்த கேள்வியும் அதுதான். உயிரோடு திரும்பி வந்து என்னைத் தெரியாமல் போய்விட்டால்? யாரோ ஒருவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதா? அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டுவதற்குத் துணிப்பட்டைகள் கட்டில் பக்கத்தில் வந்துவிட்டன. அப்போது சிஸ்டர் டாக்டரிடம் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "சார், இது டெலிரியம்தான். வலி இருக்குதான்னு பார்த்துட்டேன், ஆக்சிஜன் சரியா இருக்குது, யூரின் ட்யூப் அடைக்கல. கட்டினா இன்னும் முரண்டு பண்ணுவார். இன்னைக்கு எனக்கு விடுங்க, நான் பக்கத்துலயே நிக்கிறேன். வேற பேஷன்ட்ட எனக்குப் போடாம பார்த்துக்குங்க." டாக்டர் கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார். "சரி. ஆனா ஒரு தடவ குழாய்க்குப் போனாகூட எனக்குச் சொல்லணும். நானும் இங்கதான் இருப்பேன்" என்றார். ஒருவர் சொல்ல ஒருவர் தலையாட்டுவதை எதிர்பார்த்திருந்த எனக்கு, இரண்டு பேர் ஒரு நோயாளிக்காகச் சேர்ந்து யோசிப்பதைப் பார்த்தது புதுசாக இருந்தது.

டெலிரியம் என்றால் என்ன என்று என்னிடம்தான் முதலில் சொன்னார் சிஸ்டர். உடம்பு இவ்வளவு பெரிய நோயோடு சண்டை போட்டு, மருந்து, தூக்கமின்மை, ஓயாத சத்தம் எல்லாம் சேர்ந்தால் மூளை குழம்பிப்போகும். பைத்தியம் இல்லை. பெரும்பாலும் தெளிந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் தெளிகிறதோ அவ்வளவு நல்லது. "அத அளக்கறதுக்கு ஒரு வழி இருக்குதுக்கா, பாருங்க" என்று இவருடைய வலது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சார், நான் சில எழுத்து சொல்லுவேன். 'அ'ன்னு சொல்றப்ப மட்டும் என் கையை அழுத்துங்க. மத்த எழுத்துக்கு அழுத்தாதீங்க. சரியா?" என்று சொல்லி, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். க. ம. அ. இவர் எதற்கும் அழுத்தவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் அழுத்தினார். பிறகு கையை உருவிக்கொண்டு காற்றில் எதையோ பிடிக்கப் போனார். "இன்னைக்கு கவனம் நிக்கல. பரவாயில்ல. நாளைக்குப் பார்ப்போம்" என்றார் சிஸ்டர், பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் சொல்வது போலக் கரிசனமாக. அது இவரிடம் சொன்னதா என்னிடம் சொன்னதா தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆயிரம் தடவை பார்த்த விரல்கள். அவரோ அப்போதுதான் உற்றுப் பார்க்கிறார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இது சும்மா அலையற கை இல்ல. ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யுது. கட்ட விரலும் ஆள்காட்டி விரலும் பாருங்க. இவர் என்ன பண்றார்?"

பார்த்தேன். மார்பில் ஒட்டியிருந்த மிஷின் ஒயர்களையும் கையில் இறங்கும் சொட்டுக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் ஒதுக்கி, ஒன்றின் முனையைத் தேடி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார் இவர்.

"இழை பிணைக்கிறாரு சிஸ்டர்" என்றேன். தறியில் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான இழை ஓடும். ஒன்று அறுந்தால் நெசவை நிறுத்தி, இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்துவிடுவோம். இவர் தன் மேல் கிடக்கும் குழாய்களையெல்லாம் அறுந்துபோன பட்டு இழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் பிடுங்கவில்லை மனுஷன். சரி பண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சிஸ்டர் தறியைப் பார்த்ததே இல்லையாம். காஞ்சிபுரத்தில் இத்தனை வருஷம் இருந்துகொண்டு! கல்யாணத்துக்குப் புடவை எடுத்ததோடு சரி. எப்படி உட்காருவார், யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இவர் குழிக்குள் கால் போட்டு மிதித்து நெய்வார், நான் பக்கவாட்டில் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளுவேன், கரை வேறு நிறம், உடல் வேறு நிறம் என்பதால் ஒரு ஆளால் முடியாது என்று சொன்னேன். "அப்ப நாள் பூரா அவர் காதுல விழுந்துக்கினு இருக்கறது உங்க குரல்தான்" என்றார் சிஸ்டர். "ஆமா, அதுல பாதிய அவர் காதுலயே வாங்கறதில்ல" என்றேன்.

சாயங்காலம் அண்ணன் கொடுத்த விபூதியோடு உள்ளே போனேன். பூசலாமா என்று கேட்டதற்கு, கண்ணிலும் குழாயிலும் படாமல் நெற்றியில் கொஞ்சம் வைக்கச் சொன்னார் சிஸ்டர். வைத்தேன். ஒரு துளி இவருடைய விரலில் சிந்திவிட்டது. சாம்பல் பட்டதும் விரல்கள் சுறுசுறுப்பாகிவிட்டன, தேய்த்துப் பார்த்தன. நான் அப்படியே உருகிப்போய், தறியில் கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டேன்.

"என்னாங்க, இழை அறுந்துடுச்சா?"

எந்தக் குரலுக்கும் திரும்பாத தலை என் பக்கம் திரும்பியது. அடுத்த நொடி இவர் கை நேராக வாய்க் குழாய்க்குப் போனது. அதுதான் கண்ணுக்கு எதிரே இருந்த பெரிய இழை. பிடித்து முறுக்கி இழுக்கப் பார்த்தார். மிஷின் அலறியது. சிஸ்டர் எப்போது எழுந்தார், எப்போது பிடித்தார் என்று நான் பார்க்கவில்லை. ஒரு கை இவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது, மறு கை குழாயை உதட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தது. டாக்டரும் ஓடிவந்து மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். குழாய் நகரவில்லை. நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

இப்போது அதட்டுவார், இப்போது கட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். துணிப்பட்டை அங்கேயேதான் இருந்தது. டாக்டரும் அதைப் பார்த்தார்.

சிஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அக்கா, பயப்படாதீங்க. ஒண்ணு தெரிஞ்சுடுச்சு பாருங்க. நாங்க இத்தன பேர் கூப்பிட்டும் திரும்பாதவர், நீங்க கேட்டதும் திரும்பிட்டார். உங்க குரல் உள்ள போகுது. வேலைய ஆரம்பிக்கற வார்த்தைய சொல்லிட்டீங்க. நிறுத்தற வார்த்தை என்ன? சாயங்காலம் தறியை எப்படி நிறுத்துவீங்க?"

அதற்கென்று என்ன வார்த்தை? நான் யோசித்ததே இல்லை. இருட்டிக்கொண்டு வந்தால் இழை தெரியாது, இவர் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்பார், நான் எழுந்து நின்று சொல்வேன். தினமும் சொல்வதுதான். சிஸ்டர் இன்னும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நான் கட்டில் பக்கம் போய்க் குனிந்தேன்.

"போதும், இருட்டிடுச்சு. காலை மேல எடுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை, வீட்டில் சொல்கிற அதே எரிச்சலோடு சொன்னேன். போர்வைக்குள் இவருடைய முழங்கால் மெல்ல மடங்கி மேலே வந்தது. விரல்கள் விரிந்தன. கை தானாகக் கீழே இறங்கி வயிற்றின் மேல் அமர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். மருந்து கொடுத்து வந்த தூக்கம் இல்லை, நாளெல்லாம் நெய்த மனுஷனுக்கு வருகிற தூக்கம். டாக்டர் அந்தத் துணிப்பட்டைகளைச் சுருட்டித் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்து நான் அழுத அழுகையை அந்த வார்டு மறந்திருக்காது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். மறுநாளும் இவர் இழை தேடினார். ஆனால் நான் காலையில் உள்ளே போனபோது வேறு ஒருவர் பணியில் இருந்தார், கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன்கள் பேசுகிற பேச்சோடு நல்ல உயரமாக ஒரு ஆண் நர்ஸ். ஆண் நர்ஸை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாமல் முழித்தேன். "பிரதர்னு கூப்பிடுங்க" என்றார். இவர் கை ஒயரை நோக்கிப் போனதும் அந்தப் பிரதர் குனிந்து, தன் ஊர் ராகத்தில், "போதும் சார், இருட்டியாச்சுல்லா, காலை மேல எடுங்க" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பணி மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கட்டிலருகே நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்களாம். இவருக்கு மருந்து என்ன, இரத்த அழுத்தம் என்ன என்பதோடு, நெசவாளி, இழை பிணைக்கிறார், இப்படிச் சொன்னால் நிறுத்துவார் என்பதும் கைமாறியிருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த ஒரு வாக்கியம், முன்பின் தெரியாத நாலைந்து பேர் வாயில் இவருக்குக் காவலாக நின்றது. பிரதர் சொன்னால் இவர் பாதி நேரம் கேட்டார், பாதி நேரம் கேட்கவில்லை. கேட்காதபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிஸ்டர் அதோடு நிற்கவில்லை. "கண்ணாடி போடுவாரா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடி இல்லாமல் இவருக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாதே! வீட்டிலிருந்து வரவழைத்தேன். ஒரு காம்பு உடைந்து பட்டு நூல் சுற்றியிருந்த அந்தக் கண்ணாடியை மருந்தில் துடைத்து இவருக்குப் போட்டுவிட்டார். இவர் தன் கையில் ஓடும் குழாயைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அதில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார். பட்டு இழைக்குள் தண்ணீர் ஓடாது என்று யோசித்திருப்பார் போல, மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். பகலில் வெளிச்சம் முகத்தில் விழுந்தது, இரவில் விளக்கை அணைத்து, மிஷின் சத்தத்தைக் குறைத்துத் தூங்கவிட்டார்கள். குழாயோடு இருக்கும்போதே கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துக் கால்களைத் தொங்கப்போடவைத்தார்கள். கனமான மிஷினையும் இத்தனை ஒயர்களையும் ஒரு மனுஷனையும் சேர்த்து எழுப்பி உட்காரவைப்பதற்கு எத்தனை கைகள் வேண்டியிருந்தன! ஒருவர் சொன்னதும் எல்லாரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியம் என்றால் மருந்தும் அறுவையும் என்று நினைத்திருந்தேன். மருந்து இவருடைய நுரையீரலைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை, அந்த டாக்டருக்கு நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். ஆனால் இவர் யார், எப்படிப் படுப்பார், எந்த வார்த்தைக்குத் திரும்புவார் என்று ஒருவர் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால், காப்பாற்றிய நுரையீரலை யாரிடம் கொடுப்பது? இதைத் தன் வேலை என்று படித்து, சம்பளம் வாங்கி, அலுத்துக்கொள்ளாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு இத்தனை வயசுவரைக்கும் தெரியவில்லை. இதை நான் சிஸ்டரிடம் சொன்னபோது, "அலுத்துக்குவோம்க்கா, வீட்டுக்குப் போய்" என்றார்.

எழுத்துப் பரீட்சை தினமும் நடந்தது. ஒருநாள் பாதிக்குப் பாதி சரியாக வந்தது. மறுநாள் பழையபடி ஒன்றும் இல்லை. நான் துவண்டுபோனேன், இவர் இரவு சரியாகத் தூங்கவில்லை என்று சிஸ்டர் காரணம் சொன்னார். அதற்கடுத்த நாளும் சுமார்தான். வெளியே நாத்தனார், "எழுத்து சொல்லிக் குடுக்கறாங்களா? அப்ப முதல்லேர்ந்து படிக்கணுமா?" என்று கேட்டாள். வேறு நேரமாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு எனக்கு அவளிடம் மல்லுக்கட்டத் தெம்பில்லை.

பிறகு ஒரு காலை. நான் உள்ளே போனபோது ஜன்னல் வெயில் இவருடைய மார்புவரைக்கும் வந்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். கைகள் போர்வை மேல் சும்மா இருந்தன. மிஷின் உதவியைக் குறைத்துவிட்டார்கள், பெரும்பாலான மூச்சு இவருடையதுதான் என்றார் சிஸ்டர். இன்றைக்குப் புத்தி தெளிந்திருந்தால் குழாயை எடுத்துவிடலாம். தெளியாமல் எடுத்தால், சளியைத் துப்பச் சொன்னால் துப்பத் தெரியாமல் திரும்பவும் குழாய்க்கே போக வேண்டி வரலாம்.

"அக்கா, இன்னைக்கு நீங்க கையைப் பிடிங்க. எழுத்த நான் சொல்றேன்."

"எனக்குத் தெரியாது சிஸ்டர். நான் ஏதாவது தப்பு பண்ணிடுவேன்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அவர் அழுத்தினா தலையாட்டுங்க. அவ்வளவுதான்."

இவர் கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் நெய்யாததால் உள்ளங்கைக் காய்ப்பு லேசாகி இருந்தது. சிஸ்டர் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று எப்போதும் சொல்வதைச் சொன்னார், 'அ' என்றால் மட்டும் அழுத்த வேண்டும். இவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம."

ஒன்றுமில்லை.

"ப."

ஒன்றுமில்லை.

"அ."

அழுத்தினார். நான் தலையை ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன். "ஒரு தடவ ஆட்டினா போதும்க்கா" என்றார் சிஸ்டர். அடுத்த எழுத்துக்குக் கை சும்மா இருந்தது. அதற்கடுத்ததுக்கும். அடுத்த 'அ'வுக்கு அழுத்தினார். அப்படியே போனது, கடைசிவரைக்கும் ஒன்றுகூடப் பிசகவில்லை. சிஸ்டர் சொல்லி முடித்துவிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல், குழாய் எடுப்பதற்கு வேண்டியதை எடுத்துவைக்கத் திரும்பினார்.

அப்போது இவர் மறுபடியும் அழுத்தினார். யாரும் எந்த எழுத்தும் சொல்லவில்லை. முன்னைவிட பலமாக, விடாமல் அழுத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது.

"சிஸ்டர், தப்பாயிடுச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லல, அவரு அழுத்தறாரு!"

சிஸ்டர் திரும்பி வந்தார். என் கையைப் பார்த்தார். பிறகு இவர் முகத்தைப் பார்த்தார். நான் பயத்தில் இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவர் பார்த்த பிறகுதான் நானும் நிமிர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இவர் கண் என் மேல் இருந்தது. அதற்குள் இவர் இருந்தார்.

"அது என் கணக்குல சேராதுக்கா" என்றார் சிஸ்டர். "அது உங்களுக்கு."

சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.